பால் விற்கும் வீட்டில் பிள்ளைக்குப் பால் உண்டா?

சம்பூரிலிருந்தும் அயற் கிராமங்களிலிருந்தும் 2006ஆம் ஆண்டில் இடம்பெயர்ந்தவர்கள் மட்டக்களப்புக்கும், பின்னர் கிளிவெட்டி, பட்டித்திடல், கட்டைபறிச்சான் முகாம்களுக்குமாக அலைந்தது எம் வாசகர்கள் பலருக்குச் சொந்தக் கதை. 2015, 2016ஆம் ஆண்டுகளில் காணிகள் விடுபட்டபோது பற்றைக்காடு மண்டிய நிலம் கிடைத்தது. பழைய மாட்டுப் பட்டிகள் கிடைக்கவில்லை. ஒரு பசு, ஒரு கன்று என்று மறுபடி தொடங்கிய வீடுகளிடம் நாம் கேட்க விரும்புவது ஒன்றுதான். காலையில் கறக்கும் பாலில் வீட்டுப் பிள்ளைக்கு எவ்வளவு நிற்கிறது?

காசுத் தேவை பொல்லாதது. போத்தல் போத்தலாகப் பால் போய்விடும், பிள்ளைக்கு வெறுந்தேநீர். மாடுள்ள வீட்டிலும் போசாக்குக் குறைவு வருவது இப்படித்தான்.

பங்களாதேஷின் பொக்ரா மாவட்டத்தில் இதற்கு ஒரு வழி தேடினார்கள். கிராமின் வங்கியை நிறுவிய பேராசிரியர் முஹம்மது யூனுஸும் பிரான்ஸ் நாட்டு டனோன் கம்பனியும் 2006இல் கூட்டுச் சேர்ந்து தயிர்த் தொழிற்சாலை ஒன்றை அமைத்தனர். யூனுஸ் இதைச் ‘சமூக வணிகம்’ என்றார். முதல் போட்டவர் போட்ட முதலைத் திரும்ப எடுக்கலாம். இலாபம் தொழிலுக்கே திரும்பும். ஆனால் நட்டத்தில் ஓடவும் கூடாது. சிறு விவசாயிகளிடம் பால் வாங்கி, இரும்புச்சத்து, துத்தநாகம், அயடின், விற்றமின் ஏ சேர்த்த ‘சக்தி தோய்’ என்ற தயிரைக் கிராமத்துப் பெண்கள் வீடு வீடாக விற்றனர். 80 கிராம் கிண்ணம் 5 டாக்கா.

2008இல் பால் விலை ஏறியது. கிண்ணத்தை 8 டாக்காவாக்கினார்கள். ஏழைகள் வாங்குவதை நிறுத்தினர். விற்ற பெண்கள் பலரும் விலகினர். பெரிய கம்பனியின் மூளை இருந்தும் இந்த அடி விழுந்தது என்பதைக் கவனியுங்கள். பிறகு கிண்ணத்தை 60 கிராமாகச் சிறிதாக்கி 6 டாக்காவுக்குக் கிராமத்தில் கொடுத்தார்கள். டாக்கா நகரக் கடைகளில் கூடிய விலைக்கு விற்று, அந்த வரவால் கிராமத்து விலையைத் தாங்கினார்கள்.

எமக்குப் பயன்படுவது இந்தக் கடைசிப் பகுதிதான். முன்பு மூதூர்த் துறையிலிருந்து கொட்டியாரக்குடாவைப் படகில் கடந்தே திருகோணமலைக்குப் போக வேண்டியிருந்தது. 2009இல் கிண்ணியாப் பாலமும் அடுத்த ஆண்டுகளில் வழியிலுள்ள ஏனைய பாலங்களும் திறந்தபின் தயிர்ச் சட்டிகள் பஸ்ஸிலேயே போகலாம். துறைமுகப் பட்டினத்திலும், உப்புவெளி, நிலாவெளி விடுதிகளிலும் வாங்குவோர் உண்டு. அங்கே நல்ல விலை கேளுங்கள், வெட்கப்பட வேண்டாம். அயலிலுள்ள மாடில்லாத வீட்டுக்குக் குறைந்த விலையில் கொடுக்க அந்த மிச்சம் உதவும்.

ஐந்தாறு குடும்பங்கள் சேர்ந்தால் போதும், தொழிற்சாலை தேவையில்லை. முதலில், ஒரு வயது கடந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் தினமும் ஒரு கோப்பை பாலை ஒதுக்கிவிட்டு மிச்சத்தை உறைய வையுங்கள். தவிடு, வைக்கோல், சட்டி, பஸ் கூலி எல்லாவற்றையும் ஒரே கொப்பியில் எழுதுங்கள். வெயில் காலத்தில் புல் கருகிப் பால் வற்றும். பொக்ராவில் விழுந்த அடி இங்கே அப்போதுதான் விழும். அதற்காகப் பெரும்போக வெட்டு முடிந்ததும் வைக்கோலைப் போராக வைத்துக்கொள்ளுங்கள், வயலில் எரித்துவிடாதீர்கள்.