ஒதி பெருத்தால் உத்தரமாகுமா?

“பெருமதிப்பிற்குரிய பேராசிரியரே! தங்கள் ஒப்பற்ற ஆராய்ச்சி கண்டு வியந்தோம். எமது உலகப் பல் மருத்துவ ஏட்டுக்குக் கட்டுரை தாருங்கள். ஏழே நாளில் வெளியிடுவோம்!”

யாருக்குத் தோழர்களே, இந்தப் புகழ்மாலை? நேற்றுத்தான் தன் முதல் கட்டுரையை அச்சில் கண்ட இளம் பல் மருத்துவருக்கு! அதன் அடியிலிருந்த மின்னஞ்சல் முகவரியைப் பொறுக்கியெடுத்து, நாள்தோறும் அனுப்புகிறார்கள் இத்தகைய மடல்களை. பல்கலைக்கழகம் தராத பேராசிரியர் பட்டத்தை மடல் எழுதிய எத்தன் தருகிறான். கட்டுரை போனதும் வருகிறது பாராட்டு; பாராட்டின் பின்னால் வருகிறது கட்டணச் சீட்டு!

கட்டணம் வாங்கும் ஏடெல்லாம் களவு ஏடு என்கிறேனா? இல்லை. நேர்மையான ஏடுகளும் வாங்குகின்றன. ஆனால் அவை, துறையறிந்த அறிஞர்களிடம் கட்டுரையைக் கொடுத்துத் துருவச் சொல்கின்றன. பிழையிருந்தால் திருப்பி அனுப்புகின்றன. இவர்களோ பணத்தைத் துருவுகிறார்கள். கட்டுரையைப் படிப்பதே இல்லை!

மெய்ப்பிக்க முடியுமா? முடிந்திருக்கிறது. 2013இல் ‘சயின்ஸ்’ இதழின் செய்தியாளர் ஜான் போஹானன், பிழை மலிந்த பொய்க் கட்டுரையொன்றை 304 ஏடுகளுக்கு அனுப்பினார். 157 ஏடுகள் ஏற்றுக்கொண்டன! 2015இல் போலந்து ஆய்வாளர்கள், இல்லாத ஒரு பெண்ணை ஆசிரியர் குழுவில் சேர்க்கும்படி 360 ஏடுகளுக்கு எழுதினார்கள். 48 ஏடுகள் சேர்த்துக்கொண்டன. அவளுக்கு இட்ட பெயரில் இருந்த போலிஷ் சொல்லுக்குப் பொருளே ‘ஏமாற்றுப் பேர்வழி’!

நம் நாடு தப்பியதா? ஐதராபாத்தின் ஓமிக்ஸ் நிறுவனத்தின் மீது அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் 2016இல் வழக்குத் தொடுத்தது. கட்டணத்தை மறைத்தது, மதிப்பாய்வு நடப்பதாகப் பொய் சொன்னது, இசைவின்றி அறிஞர் பெயர்களைப் போட்டுக்கொண்டது என்பன குற்றச்சாட்டுகள். 2019இல் நெவாடா நீதிமன்றம் 5 கோடி டாலருக்கு மேல் செலுத்த ஆணையிட்டது.

படித்தவர் ஏன் சிக்குகிறார்? பதவி உயர்வு கேட்டால், “கட்டுரை எத்தனை?” என்கிறார்கள், “என்ன கண்டாய்?” என்பாரில்லை. பாட்டன் பள்ளி வாசல் மிதிக்காத வீட்டிலிருந்து, கடன்பட்டுப் படித்து வந்த பிள்ளை, வழிகாட்ட ஆளின்றி அந்த வலையில் விழுகிறது. விழுந்தவரை ஏசாதீர், வலை விரித்தவனையும், அதற்கு இடம் விட்ட முறையையும் கேளுங்கள்!

டில்லி என்ன செய்தது? பல்கலைக்கழக மானியக் குழு, தானே ஏற்ற பட்டியலிலிருந்து 2018 மே மாதம் 4,305 ஏடுகளை நீக்கியது. 2019இல் ‘கேர்’ என்ற புதுப் பட்டியல் போட்டது. 2025 பிப்ரவரியில் அதையும் கைவிட்டு, கல்லூரிகளே பார்த்துக்கொள்ளட்டும் என்றுவிட்டது. சுமையை இறக்கியாயிற்று; யார் தலையில்?

ஒதியம்பட்டு உழவன் தலையில்! நெடுநாள் புகையிலை மென்ற வாயில் வெள்ளைத் திட்டு கண்டு, புதுவைக்குப் பேருந்தேறுகிறான் அவன். திட்டிலிருந்து சிறு சதை எடுத்துச் சோதித்தால்தான், புற்றா அல்லவா என்று தெரியும். “சோதனை வேண்டாம், இந்த மருந்தே போதும்” என்று ஒரு போலி ஏடு அச்சிட்டு, அதை ஒரு மருத்துவர் நம்பிவிட்டால்? கட்டணம் கட்டியவர் ஒருவர். உயிரைக் கட்டுபவர் இன்னொருவர்!

‘கேள்’ என்பதே பகுத்தறிவு இயக்கம் தந்த முதற்பாடம். தட்சணை வாங்கித் தோஷம் கழிப்பவனிடம் கேட்ட கேள்வியை, கட்டணம் வாங்கி விஞ்ஞானி ஆக்குபவனிடமும் கேட்போம். யார் படித்தார்? என்ன பிழை கண்டார்? ஆசிரியர் குழுவிலுள்ளவர் அதை அறிவாரா? கல்லூரிகளே, கட்டுரைகளை எண்ணாதீர், படியுங்கள்!

ஒதியம்பட்டு மக்களுக்கு ஒதிய மரத்தைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒதி பெருத்தால் உத்தரமாகாது. ஏடு பெருத்தால் அறிவாகாது!