கணைய அழற்சிக்கு ஸ்டீராய்டு ஏன் கொடுப்பதில்லை?

“உடம்பின் எதிர்ப்புச் சக்திதான் இவ்வளவு பாதிப்புக்கும் காரணம் என்கிறீர்கள். அப்படியானால் ஸ்டீராய்டு கொடுத்து அதை அடக்கிவிடலாமே, டாக்டர்?” தீவிர சிகிச்சைப் பிரிவின் வாயிலில் காத்திருக்கும் குடும்பத்தினர் எங்களிடம் கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்விதான், ஆய்வாளர்களும் பல்லாண்டுகளாக இதையே ஆராய்ந்து வருகின்றனர்.

இரைப்பையின் பின்புறம் அமைந்துள்ள கணையம் சுரக்கும் செரிமான நொதிகள், சிறுகுடலை அடைந்த பிறகே செயல்படத் தொடங்க வேண்டும். பித்தக்கல் பாதையை அடைத்தாலோ, மதுவினாலோ, இரத்தத்தில் டிரைகிளிசரைடு கொழுப்பு மிக உயர்ந்தாலோ அவை கணையத்துக்குள்ளேயே செயல்பட்டு அதன் திசுவை அரிக்கின்றன. சிதைந்த திசுவை நோக்கி வெள்ளணுக்கள் விரைகின்றன. அவை வெளியிடும் வேதிப்பொருள்கள் உடலெங்கும் பரவும்போது நுரையீரலும் சிறுநீரகமும் தளரக்கூடும். ஆக, தீயை மூட்டுவது வேறொன்று. பரப்புவதில்தான் எதிர்ப்பாற்றலுக்குப் பங்கு உண்டு.

அந்தப் பங்கைத் தடுக்க முயன்றதும் உண்டு. அழற்சியைத் தூண்டும் வேதிப்பொருள் ஒன்றைத் தடுக்கும் லெக்சிபாஃபன்ட் என்னும் மருந்து, சிறிய ஆய்வுகளில் நம்பிக்கை அளித்தது. 2001இல் வெளியான பெரிய ஆய்வில் பயன் தரவில்லை. நோயாளி எங்களிடம் வந்துசேரும் நேரத்தில் அழற்சி ஏற்கெனவே வெகுதூரம் பரவியிருக்கும் என்பது ஒரு காரணம். மற்றொன்று இன்னும் கவலைக்குரியது. கடுமையான நோயில், முதல் வாரம் கழிந்தபின் உடலின் எதிர்ப்பாற்றலே சரிந்துவிடுகிறது. குடலிலுள்ள கிருமிகள் கணையத்தின் இறந்த திசுவில் குடியேறும் காலம் அதுதான். அந்நேரத்தில் எதிர்ப்பாற்றலை ஒடுக்குவது, திருடன் வரும் இரவில் காவலாளியை வீட்டுக்கு அனுப்புவதற்கு ஒப்பாகும்.

“வெறும் குளுக்கோஸ்தானே ஏற்றுகிறார்கள்” என்ற மனக்குறையும் எங்கள் செவிக்கு எட்டுவதுண்டு. அளவறிந்து ஏற்றும் திரவம், வலி நிவாரணம், இயன்றவரை விரைவில் உணவு, தேவைப்பட்டால் கல் நீக்கம் ஆகியவையே இன்று நிலைபெற்ற சிகிச்சை. பெரும்பாலோர்க்கு நோய் மிதமானதே; ஏறத்தாழ ஒரு வாரத்தில் வீடு திரும்புகின்றனர்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. 1995இல் ஜப்பானிய மருத்துவர்கள் பெயரிட்ட தன்னெதிர்ப்புக் கணைய அழற்சியில், தீயை மூட்டுவதே எதிர்ப்பாற்றல்தான். பெரும்பாலும் கடும் வலியின்றி, மஞ்சள் காமாலையாக வெளிப்படும் இந்நோய், ஸ்கேனில் புற்றுநோய் போலவும் தோன்றக்கூடும். இங்கு பிரெட்னிசோலோன் சில வாரங்களிலேயே வீக்கத்தைக் குறைக்கிறது. அண்டை வீட்டார் ஒருவர் ஸ்டீராய்டால் குணமடைந்தார் என்று கேள்விப்பட்டால், அவருக்கு இருந்தது இந்நோயாக இருக்கலாம்.

சிறுநீரக மாற்று, லூபஸ், குடல் அழற்சி போன்றவற்றுக்காக இம்மருந்துகளை ஏற்கெனவே உட்கொள்பவர்கள் அதனை முதல் நாளே தெரிவிக்க வேண்டும். அசாதியோபிரின் சிலருக்கு, தொடங்கிய முதல் சில வாரங்களில், கணைய அழற்சியைத் தானே உண்டாக்கும். அவர்களுக்கு அதனை மீண்டும் கொடுப்பதில்லை. நாட்பட எடுத்துவந்த ஸ்டீராய்டை மட்டும் திடீரென நிறுத்தலாகாது. இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்குச் சரியக்கூடும். மாத்திரை அட்டைகளையும் பழைய மருந்துச் சீட்டுகளையும் கையோடு கொண்டுவாருங்கள். எவற்றைத் தொடர்வது, எவற்றை நிறுத்துவது என்பதை அவற்றைப் பார்த்தே முடிவு செய்கிறோம்.