குழந்தையின் இரவிருமலும் இல்லத்துப் பேணுகையும்

திருவள்ளுவர் மருந்து என ஓர் அதிகாரம் வகுத்து, அதன் இறுதியிலே மருத்துவத்துக்குரிய உறுப்புக்கள் நான்கெனக் கூறி முடிக்கின்றார். நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து பேணுபவன் என்பன அவை. இவற்றுள் முதல் மூன்றைப் பற்றிப் பேசுவோர் பலர்; நான்காமவனைப் பற்றிப் பேசுவோர் சிலரே. நள்ளிரவிலே இருமி விழித்து அழுகின்ற இரண்டு வயதுப் பிள்ளையின் அருகில் வைத்தியர் இல்லை. மருந்துக்கடையும் அந்நேரம் திறந்திருப்பதில்லை. அங்கு இருப்போர் தாயும் தந்தையும், பேறுடைய வீடாயின் ஓர் ஆச்சியுமே. அவர்களுக்காகவே இக்கட்டுரை எழுதப்படுகின்றது.

யான் வைத்தியன் அல்லேன், தமிழ் கற்பிப்பவன். எனினும், வைத்திய உலகம் ஆராய்ந்து துணிந்த செய்திகளை நம்மவர் நாவில் வழங்கும் சொற்களிலே எடுத்துரைத்தல் ஆசிரியனுக்கும் உரிய தொண்டேயாம். நம் கல்லூரியின் பழைய மாணவருட் பலர் இன்று தந்தையர். அவருட் சிலர் ஆச்சிமாரின் கைவைத்தியம் எட்டாத தூர தேசங்களிலே பிள்ளை வளர்க்கின்றனர். இன்று வகுப்பில் இருப்போரும் நாளை அந்நிலையை அடைவர்.

முதலில் இருமல் என்பது யாது என அறிதல் வேண்டும். இருமல் நோயன்று, நோய்க்கு எதிராக உடல் செய்யும் செயல். மூச்சுக்குழாயினுள்ளே சளியோ தூசியோ உணவுத் துணுக்கோ புகுமாயின், நுரையீரலிலுள்ள காற்றை வேகமாக வெளியே தள்ளி, அதனோடு வேண்டாப் பொருளையும் அகற்றுவதே இருமல். அது வாயிற்காவலன் போன்றது. காவலன் இரவிலே குரல் எழுப்பினால் அவன் வாயைக் கட்டுதல் அறிவுடைமையன்று. வாயிலில் வந்தவர் யாரெனப் பார்த்தலே அறிவுடைமை. இக்கருத்தை மனத்திற் கொண்டால், செய்யத்தக்கன இவை, தவிர்க்கத்தக்கன இவை என்பது தானே விளங்கும்.

சிறு பிள்ளைகளின் இருமலிற் பெரும்பாலானது தடிமனைத் தொடர்ந்து வருவது. தடிமனை உண்டாக்குவன வைரசுக் கிருமிகள். சிறு பிள்ளைக்கு ஓராண்டில் ஆறு முதல் எட்டு முறை வரை தடிமன் பிடித்தல் இயல்பேயாம். காய்ச்சலும் மூக்கொழுகலும் சில நாட்களில் நீங்கினும், இருமல் இரண்டு கிழமை வரையும், சிலருக்கு மூன்று கிழமை வரையும் நீடிக்கும். பற்றீரியாக்களைக் கொல்லும் மருந்துகள் வைரசைக் கொல்லா. ஆதலின், தடிமனுக்கு அம்மருந்து தருக என வைத்தியரை வற்புறுத்துதல் பிள்ளைக்கு நன்மை செய்வதாகாது.

பகலெல்லாம் ஓடி விளையாடிய பிள்ளை படுத்தவுடன் இருமுவது ஏன்? நிமிர்ந்திருக்கும்போது மூக்கின் வழியே வெளியேறும் சளி, படுத்திருக்கும்போது பின்புறமாகத் தொண்டைக்குள் வடிகின்றது. உறக்கத்திலே விழுங்குதல் குறைவதால் அது அங்கே தங்கி உறுத்துகின்றது. மூக்கு அடைபட்டமையால் பிள்ளை வாயால் மூச்சு விடுகின்றது. அதனால் தொண்டை உலர்கின்றது. மார்கழிப் பனியின் குளிர்ந்த காற்றும், மூடிய அறையினுள்ளே நிறைந்த புகையும் இதனை மிகுவிக்கும். காரணங்கள் இவையாதலின் பரிகாரமும் இவற்றுக்கு ஏற்றதாதல் வேண்டும்.

மூக்கைத் திறத்தலே முதற்பணி. மருந்துக்கடைகளில் விற்கும் உப்புநீர்த் துளிமருந்தை, படுக்குமுன்னும் பாலூட்டுமுன்னும் ஒவ்வொரு மூக்குத்துளையிலும் இரண்டு மூன்று துளி இட்டு, இளகிய சளியை மெல்லிய துணியால் துடைத்தல் நன்று. உப்புநீர் அன்றி எண்ணெயை மூக்கில் விடுதல் ஆகாது. எண்ணெய் நுரையீரலினுட் சென்றால் அங்கு தங்கி அழற்சியை விளைக்கும்.

தொண்டையை நனைத்தல் இரண்டாம் பணி. ஆறு மாதம் நிரம்பாத குழந்தைக்குத் தாய்ப்பாலே நீரும் மருந்துமாம். அதனை அடிக்கடி, சிறிது சிறிதாக ஊட்டுக. வளர்ந்த பிள்ளைக்கு இளஞ்சூடான நீரோ கஞ்சியோ இரசமோ கொடுக்கலாம். நம் வீடுகளிலே கொத்தமல்லியோடு வேர்க்கொம்பு சிறிது தட்டிப் போட்டு அவித்துக் கொடுக்கும் மல்லித்தண்ணீரும் இவ்வகையிற் பயன் தருவதே. அது வைரசைக் கொல்வதில்லை; ஆயினும் இளஞ்சூடும் நீர்மையும் உலர்ந்த தொண்டையை ஆற்றும். வளர்ந்தோர் குடிக்கும் உறைப்போடும் சூட்டோடும் அதனைப் பிள்ளைக்குப் புகட்டாதிருத்தல் வேண்டும்.

மூன்றாவது தேன். நம் முன்னோர் இருமலுக்குத் தேன் கொடுத்ததை இக்கால ஆராய்ச்சியும் ஏற்றுக்கொண்டுள்ளது. 2007 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து ஆய்வாளர் வெளியிட்ட ஆராய்ச்சியொன்றில், இருமலால் உறக்கம் கெட்ட 105 பிள்ளைகள் மூன்று பிரிவாக்கப்பட்டனர். படுக்குமுன் ஒரு பிரிவினருக்குத் தேனும், மற்றொரு பிரிவினருக்கு இருமலடக்கும் மருந்தும் கொடுக்கப்பட்டன. எஞ்சியோருக்கு ஒன்றும் கொடுக்கப்படவில்லை. தேன் உண்டவர்களே மிக ஆறுதல் பெற்றனர் எனப் பெற்றோர் மதிப்பிட்டனர். ஒரு வயது நிரம்பிய பிள்ளைக்குப் படுக்குமுன் அரைத் தேக்கரண்டி முதல் ஒரு தேக்கரண்டி வரை தேன் கொடுக்கலாம். பின்னர் பல்லைத் துலக்குதல் வேண்டும்.

ஆனால், ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் ஒரு துளியும் ஆகாது. இதனை வாசிப்போர் உறுதியாக மனத்திற் பதித்தல் வேண்டும். தேனிலே சிலவேளை ஒருவகைப் பற்றீரியாவின் வித்துக்கள் உறங்கிக் கிடக்கும். வளர்ந்தோர் குடலில் அவை முளைப்பதில்லை. பச்சிளங் குழந்தையின் குடலிலோ அவை முளைத்து நஞ்சு கக்கும். அந்நஞ்சு தசைகளைச் சோரச் செய்து, பாலுறிஞ்சும் வலியையும், ஈற்றில் மூச்சு விடும் வலியையும் கெடுக்கும். அவ்வித்துக்கள் அடுப்பில் நீர் கொதிக்கும் வெப்பத்துக்கு மாள்வன அல்ல. ஆதலின் அவித்த குடிநீரிலே தேன் கலந்து கொடுத்தலும், மாத்திரையைத் தேனில் உரைத்து நாவில் தடவுதலும் தவறேயாம். பிறந்த குழந்தையின் நாவிலே தேன் தொட்டு வைக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. அன்பினால் எழுந்த அவ்வழக்கத்தை இகழ்தல் நம் நோக்கமன்று. அச்சடங்கை முதலாவது பிறந்தநாளுக்குத் தள்ளி வைத்தால் அன்பும் குறையாது, குழந்தையும் வாழும்.

நான்காவது, அறையைத் தூய்மை செய்தல். பிள்ளை உறங்கும் அறையிலே புகை எவ்வகையினதாயினும் பகையே. சுருட்டும் சிகரெட்டும் மாத்திரமல்ல, நுளம்புச்சுருளும் சாம்பிராணியும் விறகடுப்பும் இருமலை வளர்ப்பனவே. நுளம்புக்கு வலை கட்டுக. குழந்தையை முழுக்காட்டிய பின் சாம்பிராணிப் புகையிலே காட்டும் வழக்கத்தையும், இருமற் காலத்திலேனும் நிறுத்துக. ஒரு வயதைக் கடந்த பிள்ளையின் தலைப்புறத்தைச் சிறிது உயர்த்திப் படுக்க வைக்கலாம். அதற்குட்பட்ட குழந்தையைத் தலையணையின்றிச் சமமான படுக்கையில் நிமிர்த்திக் கிடத்துதலே பாதுகாப்பு. விழித்து இருமும்போது தோளிற் சாய்த்து நிமிர்த்தி வைத்திருந்தால் அதற்கு ஆறுதல் உண்டாகும்.

இனித் தவிர்க்கத்தக்கன. கொதிநீர்ப் பாத்திரத்தின் முன் பிள்ளையை இருத்திப் போர்வையால் மூடி ஆவி பிடித்தல் வேண்டாம். பாத்திரம் கவிழ்ந்து உடல் வெந்து வைத்தியசாலைக்கு வரும் பிள்ளைகள் உளர். கற்பூரம் கலந்த தைலங்களை இரண்டு வயதுக்குட்பட்டோருக்குப் பூசுதல் ஆகாது. எவ்வயதினரின் மூக்கினுள்ளும் இடுதல் ஆகாது. கற்பூரம் வயிற்றினுட் சென்றால் வலிப்பை உண்டாக்கும். ஆதலின் பூசையறைக் கற்பூரமும் பிள்ளையின் கைக்கு எட்டாதிருத்தல் வேண்டும்.

கடையிற் கேட்டு வாங்கும் இருமற்பாணிகளையும் இவ்வரிசையிலே வைத்தல் தகும். சிறு பிள்ளைகளின் தடிமனிருமலுக்கு அவற்றாற் பயன் உண்டென்பது நிறுவப்படவில்லை; தீங்கு உண்டென்பது நிறுவப்பட்டுள்ளது. இரண்டு வயதுக்குட்பட்டோருக்கு அவற்றைக் கொடுக்கலாகாதென 2008 ஆம் ஆண்டில் அமெரிக்க அரசின் மருந்து நிருவாகம் அறிவுறுத்தியது. கொடெயின் கலந்த மருந்தை 12 வயதுக்குட்பட்டோரின் இருமலுக்குக் கொடுக்கலாகாதென ஐரோப்பாவில் 2015 இலும், அமெரிக்காவில் 2017 இலும் விதிக்கப்பட்டது. அது மூச்சை மந்தமாக்குவதே காரணம். 2022 ஆம் ஆண்டிலே ஆபிரிக்காவின் காம்பியா நாட்டில் 60 இற்கும் மேற்பட்ட பிள்ளைகள் சிறுநீரகம் பழுதுற்று மாண்டனர். அவர்களின் மரணத்தோடு தொடர்புற்ற பாணி மருந்துகளிலே டைஎதிலீன் கிளைக்கோல் முதலிய நச்சுத் திரவங்கள் காணப்பட்டன. 2025 இல் இந்தியாவின் மத்தியப் பிரதேசத்திலும் அத்தகைய துயரம் நிகழ்ந்தது. அதற்குக் காரணமான பாணி தமிழ்நாட்டின் காஞ்சிபுர மாவட்டத்திலே செய்யப்பட்டதாகும். தானே ஆறியிருக்கக்கூடிய ஓர் இருமலை அடக்குவதற்காக இத்துணை விலை கொடுத்தல் வேண்டுமா எனச் சிந்திப்போமாக.

இதுகாறும் கூறியவை எளிய இருமலுக்கு உரியன. எளியது எது, கொடியது எது எனப் பிரித்தறிதலே பேணுபவனின் தலையாய கடன். இதற்கு நம் தமிழ் பெருந்துணை செய்கின்றது. நம்மவர் எல்லா ஒலியையும் இருமல் என ஒரு சொல்லால் அடக்கிவிடவில்லை. செருமல், இருமல், குக்கல், இழுப்பு, தொய்வு என வேறு வேறாகப் பெயரிட்டனர். தொடர்ந்து பலமுறை இருமி, முகம் சிவந்து, ஈற்றில் கூவுவது போல மூச்சை உள்ளிழுப்பது குக்கல். பச்சிளங் குழந்தையில் அக்கூவல் கேளாமலே மூச்சு நின்றுபோதலும் உண்டு. இதற்குரிய தடுப்பூசி நம் நாட்டில் 2, 4, 6 ஆம் மாதங்களிலும், பின்னர் 18 ஆம் மாதத்திலும் ஏற்றப்படுகின்றது, அதனைத் தவறவிடலாகாது. மூச்சு வெளிவரும்போது சீழ்க்கை போல ஒலிப்பது இழுப்பு. அது இரவிலும், ஓடி விளையாடும்போதும் மீண்டும் மீண்டும் வருமாயின் தொய்வாக இருக்கலாம். உறிஞ்சும் மருந்துக்கு அஞ்சாமல் வைத்தியர் சொற்படி நடத்தல் வேண்டும். நாய் குரைப்பது போன்ற இருமலும், மூச்சை உள்ளிழுக்கும்போது கரகரப்பும் எழுமாயின் குரல்வளைப் பகுதி வீங்கியுள்ளது என்க. அப்பிள்ளையை அழவிடாமல் நிமிர்த்தி மடியில் இருத்தியவாறே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்க. தடிமன் ஏதுமின்றி, கச்சானோ கடலையோ தின்றுகொண்டிருந்த பிள்ளை திடீரென இருமத் தொடங்கினால், அது மூச்சுக்குழாயிற் சிக்கியிருத்தல் கூடும். சிறிது நேரத்தில் இருமல் தணிந்தாலும் வைத்தியரிடம் காட்டியே தீர வேண்டும்.

ஒலியினும் உறுதியான சான்று மூச்சின் எண்ணிக்கை. நியூமோனியாவைக் கருவியின்றி ஐயுறுவதற்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த முறை இது. பிள்ளை அமைதியாக இருக்கும்போது, அல்லது உறங்கும்போது, சட்டையை உயர்த்தி, கைக்கடிகாரத்தைப் பார்த்து, ஒரு நிமிடம் முழுவதும் நெஞ்சு எழுந்து தாழ்வதை எண்ணுக. இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 60 உம் அதற்கு மேலும், இரண்டு மாதம் முதல் பன்னிரண்டு மாதம் வரை 50 உம் அதற்கு மேலும், ஒரு வயது முதல் ஐந்து வயது வரை 40 உம் அதற்கு மேலும் ஆயின், அது விரைமூச்சு. விரைமூச்சுக் கண்டால் விடியும் வரை காத்திராமல் வைத்தியசாலைக்குச் செல்க. மாணவப் பருவத்தில் எழுத்துக்கு மாத்திரை எண்ணியோருக்கு இவ்வெண்ணுதல் அரிதன்று.

மூச்சிழுக்கும்போது விலாவின் கீழ்ப்புறம் உள்வாங்குதல், மூக்குத்துளை விரிதல், முனகுதல், உதடு நீலமாதல், பாலோ நீரோ பருக இயலாமை, எழுப்பவும் எழாத மயக்கம், வலிப்பு என்பவற்றுள் ஒன்று தோன்றினும் கணமும் தாமதியற்க. இலங்கையில் உள்ளோர் 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்தால் கட்டணமின்றி நோயாளர் வண்டி வரும். மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சலோடு இருமல் வந்தாலும் உடனே செல்லுதல் வேண்டும். மூன்று கிழமையைக் கடந்த இருமலும், நிறை குறைதலோடு கூடிய இருமலும், காசநோயாளர் உள்ள வீட்டுப் பிள்ளையின் இருமலும் நாட்பாராது வைத்தியருக்குக் காட்டத்தக்கன.

சுருங்கக் கூறின், மூக்கைத் திறந்து, தொண்டையை நனைத்து, ஒரு வயது கடந்தோருக்குத் தேன் கொடுத்து, புகையை விலக்கி, மூச்சை எண்ணியிருத்தலே இரவில் வீட்டார் செய்யத்தக்கது. இவற்றுட் செலவு மிக்கது ஒன்றுமில்லை. விழிப்பு ஒன்றே வேண்டப்படுகின்றது. அவ்விழிப்பைத் தாயின் பொறுப்பென்று மாத்திரம் விட்டுவிடாமல், நம் பழைய மாணவராகிய தந்தையரும் இரவின் ஒரு சாமத்தைத் தமதாக ஏற்பாராக. இல்லந்தோறும் மழலைகள் நலமே உறங்குக.