தண்ணீர் உண்டு, நேரத்துக்கு இல்லை

லடாக்கின் லே நகரில் ஓராண்டு முழுக்க விழும் மழையையும் பனியையும் சேர்த்தாலும் 100 மில்லிமீட்டரை ஒட்டித்தான் வரும். கணக்குப்படி அது பாலைவனம். ஆனால் ஜூலையில் போய்ப் பார்த்தால் சிந்து நதி கலங்கலாகப் பெருகி ஓடுகிறது, பார்லி வயல்கள் பச்சைப்பசேலென நிற்கின்றன. அந்தத் தண்ணீர் அன்றைய வானம் தந்ததல்ல. பெரும்பாலும் மலைமேல் சேர்ந்திருந்த பனி உருகி வந்தது.

பருவக்காற்று இமயத்தின் தென்சரிவில் ஏறும்போதே குளிர்ந்து தன் ஈரத்தைக் கொட்டிவிடுகிறது. முகடு தாண்டி இறங்கும் காற்றில் பெய்வதற்கு மிச்சமில்லை. இறங்க இறங்கச் சூடேறி அது மேலும் உலர்ந்துபோகிறது. லடாக்கை இப்படி மறைத்து நிற்பது ஒரே மலைத்தொடர் அல்ல, ஒன்றன்பின் ஒன்றாகப் பல. குளிர்காலத்தில் மட்டும், மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வரும் ‘மேற்கத்திய இடையூறுகள்’ என்ற புயல் அமைப்புகள் உயரமான சிகரங்களில் பனியைப் போட்டுவிட்டுப் போகின்றன.

லே இருப்பது சுமார் 3,500 மீட்டர் உயரத்தில். அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்குதான். ஈரமும் மேகமும் குறைவு என்பதால், பகலில் பாறை வாங்கிய சூடு பொழுது சாய்ந்ததும் தடையில்லாமல் வெளியேறிவிடும். கோடைப் பகலில் 25 டிகிரி அடிக்கும் ஊரில், ஜனவரி இரவு மைனஸ் 15-ஐயும் தாண்டி இறங்கும்.

குளிர்கூட அங்குள்ள விவசாயிக்குப் பெரிய தொல்லை இல்லை. காலம் தப்பிவரும் தண்ணீர்தான் தொல்லை. பயிர்க்காலம் குறுகியது, ஏப்ரல், மே மாதங்களில் விதைத்தாக வேண்டும். உயரத்திலிருக்கும் பனியாறுகளோ ஜூனில்தான் நன்றாக உருகத் தொடங்கும். விதைக்கும் நாளில் வாய்க்காலில் நூலாக ஒழுகும் நீரை முறைவைத்துப் பங்கிட, ஊர்தோறும் ‘சுர்போன்’ என்ற நீர் மணியக்காரர் இருப்பது பழைய வழக்கம். வயலுக்கு வேலையில்லாத பனிக்காலத்திலோ ஓடைநீர் சும்மா சிந்துவில் போய்ச் சேரும்.

அதைப் பிடித்துவைக்க வழி கண்டவர் சேவாங் நோர்பெல் என்ற சிவில் இன்ஜினீயர். 1980-களிலேயே தொடங்கிவிட்டார். பனிக்கால ஓடையை நிழல் விழும் சரிவுக்குத் திருப்பி, தாழ்வான கற்சுவர்களால் ஓட்டத்தைத் தணித்தால் நீர் அடுக்கடுக்காக உறையும். சூட்சுமம் உயரத்தில் இருக்கிறது: இந்தப் பனி, இயற்கைப் பனியாற்றைவிடத் தாழ்வாக, ஊருக்குப் பக்கத்தில் கிடப்பதால் முன்னதாகவே உருகி விதைப்புக்கு வந்துவிடுகிறது.

2013-14-இல் லடாக்கைச் சேர்ந்த பொறியாளர் சோனம் வாங்சுக் இதற்கு வேறொரு வடிவம் கொடுத்தார். மேட்டிலிருந்து குழாயில் இறங்கும் நீர், தன் அழுத்தத்தாலேயே, மோட்டார் இல்லாமல், நீரூற்றாகப் பீறிடும். இரவுக் குளிரில் விழுந்து உறைந்து கூம்பாக வளரும். அதே அளவு பனி தரையில் பரந்து கிடப்பதைவிடக் கூம்பாக நின்றால் வெயில் படும் பரப்பு குறைவு. அதனால் வெட்டவெளியிலும் வசந்தம்வரை தாங்குகிறது. பத்திரிகைப் படங்களில் இடம்பிடித்தது இந்தக் கூம்புதான். நோர்பெலின் கற்சுவர்கள் படத்தில் எடுபடாது. ஆனால் யோசனையில் மூத்தவை அவைதான். எப்படியானாலும் இரண்டும் நீரை உண்டாக்குவதில்லை, தேதியை மாற்றித் தருகின்றன, அவ்வளவே. மேலே பனி பொய்த்தால் இவற்றுக்கும் வேலையில்லை.

எதிர்பாராத பெருமழையும் இங்கே வந்திருக்கிறது. 2010 ஆகஸ்ட் 5 நள்ளிரவில் லே வட்டாரத்தில் மேகவெடிப்பு. செடிகொடி இல்லாத சரிவுகள் மண்ணும் பாறையுமாகப் பெயர்ந்து வந்தன. 200-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். மழையே இல்லாத ஊர் என்று பச்சைச் செங்கல்லில் எழுப்பிய வீடுகள் கரைந்தன. லேயிலிருந்த மழைமானி அன்று காட்டியது வெறும் 12.8 மில்லிமீட்டர். பெருமழை அதன் தலைக்கு மேல் பெய்யவில்லை, பக்கத்துச் சரிவுகளில் கொட்டியது. சில கிலோமீட்டர் அகலத்துக்குள் முடிந்துவிடும் இப்படிப்பட்ட மழையைப் பிடிக்க, மலைநாட்டில் ஊருக்கு ஒரு மழைமானி போதாது.