கப்பலேறி வரும் விருந்தினர்

காசிமேட்டுக் கரையில் நின்று கிழக்கே நோக்கினால், துறைமுகத்தில் இடம் கிடைக்கும்வரை நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்களைக் காணலாம். இரவில் அவற்றின் விளக்குகள் வரிசையாக மின்னும். "எவ்வளவு அழகு!" என்று சொல்லிவிட்டு வீடு திரும்பிவிடுகிறோம். அவற்றில் நம்மைப் போன்ற மனிதர்கள் இருக்கிறார்கள் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

வெளியூரார் ரயிலில் வந்தால் நிலையத்தில் விசாரணை அலுவலகம் உண்டு. 139 என்ற எண்ணை அழைத்தால் வண்டியின் நேரம் தெரியும். சுற்றுலாப் பயணியருக்கும் தகவல் நிலையங்கள் உள்ளன. ஆனால் கப்பற் பணியாளரோ வழி கேட்பதற்குக்கூட எளிதில் கரைக்கு வர இயலாத பயணி. ஆறு மாதம், ஒன்பது மாதம் என்று ஒப்பந்தம் செய்துகொண்டு வீட்டைப் பிரிந்து வருகிறார். முற்காலத்தில் மூட்டை மூட்டையாகச் சரக்கு இறக்கப் பல நாள் ஆகும்; ஊரைச் சுற்றிப் பார்க்கப் பொழுதிருந்தது. இன்று கன்டெய்னர்களைக் கிரேன்கள் விரைவில் இறக்கிவிடுவதால், பல கப்பல்கள் ஓரிரு நாளில் புறப்பட்டுவிடுகின்றன. கரையிறங்க அனுமதிச் சீட்டும் வேண்டும். 2004-ஆம் ஆண்டு முதல் துறைமுகங்களில் பாதுகாப்பு விதிகளும் கடுமையாகிவிட்டன.

அப்படியானால் இவருக்கு உதவுவோர் யார்?

'ஸ்டெல்லா மாரிஸ்' என்றதும் நமக்குக் கல்லூரியின் நினைவே வரும். 'கடலின் விண்மீன்' என்பது அதன் பொருள்; அன்னை மரியாளின் பழம்பெயர்களுள் ஒன்று. கடற்பணியாளருக்காக 1920-இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் தோன்றிய கத்தோலிக்க அமைப்பும் இன்று இப்பெயரையே தாங்கியுள்ளது. அதற்கு முன்பே, 1856-இல், ஆங்கிலிக்கன் சபையார் இங்கிலாந்தில் இத்தகைய அமைப்பு ஒன்றை நிறுவினர். அதுவே இன்றைய 'மிஷன் டு சீஃபேரர்ஸ்'. நம் ராயபுரம் ரயில் நிலையம் திறக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான்!

இவர்கள் கப்பலின் ஏணியேறிச் சென்று நலம் விசாரிக்கின்றனர். வீட்டாருடன் பேச சிம் கார்டு, கடைக்குச் செல்ல வேன், பணம் மாற்ற வழி, மருத்துவமனையில் தனித்துக் கிடப்பவருக்கு ஆறுதல், சம்பளம் வராவிட்டால் எங்கே முறையிடுவது என்ற தகவல் ஆகியவையே இவர்கள் தரும் உதவிகள். எந்த நாட்டார், எந்த மதத்தார் என்று பார்ப்பதில்லை.

இவை சிறிய உதவிகள்தாமே என்று சிலர் நினைக்கலாம். 2012 அக்டோபர் 31 அன்று 'நீலம்' புயல் வீசியபோது, சென்னைக்கு அப்பால் நின்றிருந்த 'பிரதிபா காவேரி' என்ற எண்ணெய்க் கப்பல் அடித்துச் செல்லப்பட்டு, பெசன்ட் நகர்க் கடற்கரையருகே தரைதட்டியது. உயிர்காப்புப் படகு கவிழ்ந்து ஆறு பேர் மாண்டனர். அப்பகுதி மீனவர்கள் படகில் சென்று பலரைக் கரைசேர்த்தனர். கப்பலில் உணவும் நீரும் எரிபொருளும் குறைந்துபோயிருந்த செய்தி அதன் பின்னரே ஊருக்குத் தெரிந்தது. கண்ணுக்கெட்டிய தூரத்தில் வாடியவர்களின் நிலையை நாம் அறியாதிருந்தோம்!

அதனால்தான் சட்டமும் வேண்டியிருக்கிறது. 2006-இல் உருவான கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை 2013-இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2015-இல் அதை ஏற்றது. துறைமுக நல வசதிகள் எல்லா நாட்டுப் பணியாளருக்கும் வேறுபாடின்றிக் கிடைக்கவேண்டும் என்கிறது அது. கைவிடப்பட்ட கப்பலின் பணியாளருக்கு நான்கு மாதச் சம்பளம் வரையிலும், ஊர் திரும்பும் செலவும் கிடைக்கக் காப்பீடு வேண்டும் என்ற விதி 2017 முதல் உள்ளது. ஆயினும் 2020-இல் கொரோனாக் காலத்தில் உலகெங்கும் ஏறத்தாழ 4 லட்சம் பேர், ஒப்பந்தம் முடிந்தும் கப்பலைவிட்டு இறங்க முடியாமல் தவித்தனர். சட்டம் இருந்தாலும், நலம் கேட்க ஒரு மனிதர் தேவை என்பதை அந்நாட்கள் உணர்த்தின.

தோழியரே, ராயபுரம் என்னும் பெயரே ராயப்பர் பெயரால் வந்தது என்பர். அவரும் கடலில் வலைவீசியவர். எண்ணூரில் காமராசர் துறைமுகம் 2001 முதல் இயங்குவதால், நம் பகுதிக்கு வரும் விருந்தினர் பெருகியிருக்கின்றனர். விருந்தோம்பலுக்கென்றே வள்ளுவர் ஓர் அதிகாரம் வகுத்தார். சாலையில் ஒரு மாலுமி வழி கேட்டால் அஞ்சி ஒதுங்காமல், பெரியோர் துணையுடன் பொறுமையாகச் சொல்வோம். ஜூலை இரண்டாம் ஞாயிறு கடல் ஞாயிறு; அன்று அவர்களை நினைவுகூர்வோம். நம் வீட்டு அரிசியும் எண்ணெயும் பாடநூலின் தாளும் யாரோ ஒருவர் வீட்டைப் பிரிந்து உழைத்ததால் வந்தவையாக இருக்கலாம் அன்றோ?