நேர்கோட்டு நகர்வு மேடை

நேர்கோட்டு நகர்வு மேடை என்பது ஒரு கருவியையோ வேலைப்பொருளையோ ஒரே நேர்கோட்டில் நகர்த்தி, வேண்டிய இடத்தில் நிறுத்தும் பொறியமைப்பு ஆகும். பட்டறைகளில் இது லீனியர் ஸ்லைடு எனப்படுகிறது. துளையிடுதல், அளவு சரிபார்த்தல் போன்ற ஒரே வேலைக்கெனச் செய்யப்படும் தனிநோக்கு எந்திரங்களில் இது முக்கிய உறுப்பு. வாகனத் தொழிலும் கைக்கடிகாரத் தொழிலும் வளர்ந்த ஒசூரில் இத்தகைய எந்திரங்கள் பெரிதும் பயன்படுகின்றன. டைட்டனின் துணை நிறுவனமான டைட்டன் எஞ்சினியரிங் அண்ட் ஆட்டோமேஷன் இங்கிருந்து தானியங்கி எந்திரங்களைத் தயாரிக்கிறது.

உறுப்புகள்

அடித்தளம், அதன்மேல் பொருத்திய இரு லீனியர் கைடுகள், அவற்றில் ஓடும் மேடை, மேடையைத் தள்ளும் பால் ஸ்குரூ, அதைச் சுழற்றும் மோட்டார் ஆகியவை இதன் உறுப்புகள்.

நுண்மையும் துல்லியமும்

ஒரு சுற்றுக்கு 200 படிகள் கொண்ட ஸ்டெப்பர் மோட்டாருடன், ஒரு சுற்றுக்கு 5 மி.மீ. நகர்த்தும் ஸ்குரூவை இணைத்தால் ஒரு படிக்கு 0.025 மி.மீ. நகர்வு கிடைக்கும். படியை 16 ஆகப் பிரித்தால் கணக்கில் 0.0016 மி.மீ. வரும். ஆனால் இது நுண்மை மட்டுமே, துல்லியம் அன்று. விலை குறைந்த சி7 தர ஸ்குரூவிலேயே 300 மி.மீ. நீளத்துக்குச் சுமார் 0.05 மி.மீ. பிழை இருக்கலாம். இப்பிழை ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஒரே அளவில் வருவதால், அளந்து பட்டியலிட்டு மென்பொருளில் திருத்திவிடலாம். நட்டில் உள்ள 'பிளே'யைத் தவிர்க்க, எப்போதும் ஒரே திசையிலிருந்து வந்து நிறுத்த வேண்டும்.

மேடையின் சாய்வை இவ்வாறு எளிதில் திருத்த முடியாது. மேடை 0.01 பாகை சாய்ந்தால், 100 மி.மீ. உயரத்தில் உள்ள கருவிமுனை சுமார் 0.017 மி.மீ. விலகும். எனவே கருவியைக் கைடுக்கு இயன்றவரை அருகில் அமைப்பது நல்லது. அதற்குச் செலவும் இல்லை.

அடித்தளம்

வெப்பநிலை 10 பாகை செல்சியசு உயர்ந்தால் 300 மி.மீ. நீள அலுமினியம் சுமார் 0.07 மி.மீ., எஃகு 0.036 மி.மீ., கருங்கல் ஏறத்தாழ 0.02 மி.மீ. நீளும். கிருஷ்ணகிரி மாவட்டம் கருங்கல் தொழிலுக்குப் பெயர்பெற்றது. ஆயினும் தரைக்கு மெருகேற்றிய கல் எந்திரத்துக்கு ஆகாது. பளபளப்பு வேறு, சமதளம் வேறு. தேய்த்துச் சமப்படுத்திய சர்ஃபேஸ் பிளேட் வகைக் கல்லே தேவை. கல் அசையாவிட்டாலும் எஃகு ஸ்குரூ சூடாகி நீளும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

பொருத்தும் முறை

முதலில் ஒரு கைடை நேர்விளிம்புடன் ஒப்பிட்டு இறுக்க வேண்டும். பிறகு அதில் ஓடும் பிளாக்கில் டயல் கேஜைப் பொருத்தி, முழு நீளமும் நகர்த்தி, இரண்டாவது கைடை இணையாக்க வேண்டும். இறுதியில் ஸ்குரூவை இணைக்க வேண்டும். மேடை கையால் தள்ளும்போது எங்கும் இறுகாமல் ஓட வேண்டும்.

செலவு

ஸ்குரூவின் பிழையை மென்பொருள் ஓரளவு ஈடுசெய்யும். வளைந்த அடித்தளத்தையும் இணையற்ற கைடையும் அது ஈடுசெய்யாது. எனவே ஸ்குரூவின் தரத்தில் சிக்கனம் செய்து, அடித்தளத்திலும் கைடிலும் செலவிடுவதே குறைந்த செலவில் துல்லியம் பெறும் வழியாகும்.