மேடையை ஆண்ட குரல்



முன்பொரு நாள் பாடியில் நடந்த பள்ளி நாடகம் ஒன்றில் ஒலிபெருக்கி பழுதாயிற்று. பின்வரிசையில் இருந்தோர்க்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை; கூட்டம் கலைந்தது. அப்பொழுது கொடுமுடி சுந்தராம்பாளின் நினைவு எனக்கு வந்தது. ஒலிபெருக்கி இல்லாத காலத்தில், தம் குரல் ஒன்றையே துணையாகக் கொண்டு மேடையை ஆண்டவர் அவர்.

1908ஆம் ஆண்டில், காவிரிக் கரையிலுள்ள கொடுமுடியில், வறிய குடும்பத்தில் பிறந்தார். இளமையிலேயே நாடக மேடை ஏறினார். அந்நாளில் 'ஸ்பெஷல் நாடகம்' என்பது பெருவழக்கு. வெவ்வேறு ஊர்களிலிருந்து நடிகர்கள் ஓரிரவுக்கென வந்து கூடுவர். ஒன்றுகூடி ஒத்திகை பார்ப்பதில்லை. சங்கரதாஸ் சுவாமிகளின் 'வள்ளி திருமணம்' போன்ற நாடகங்கள் அனைவர்க்கும் மனப்பாடம். வேலன் ஒரு பாட்டால் வினவினால், வள்ளி மறுபாட்டால் விடை தரல் வேண்டும். அங்கே குரல் தளர்ந்தாலும், தாளம் தவறினாலும் அவையோர் பொறுக்கமாட்டார்கள். ஆதலின், ஸ்பெஷல் நாடகம் நடிகர்க்கு ஒவ்வோர் இரவும் ஒரு தேர்வாகவே இருந்தது.

அத்தகைய மேடையில் செங்கோட்டைக் கிட்டப்பாவும் சுந்தராம்பாளும் இணைந்து பாடிப் புகழ் பெற்றனர், வாழ்விலும் இணைந்தனர். ஆயின் 1933இல், முப்பது வயது நிரம்புமுன்பே கிட்டப்பா மறைந்தார். இருபத்தைந்து வயதில் சுந்தராம்பாள் வெள்ளாடை பூண்டார். வாழ்நாள் முழுவதும் அதனைக் களையவில்லை. துயரம் அவரை முடக்கியதோ? இல்லை. 1935இல் வெளிவந்த 'நந்தனார்' திரைப்படத்தில் ஆண் வேடமாகிய நந்தனாராகவே நடித்தார். அதற்கு அவர் பெற்ற ஊதியம் ஒரு இலட்சம் ரூபாய் என்பர். பிரெஞ்சு நாட்டின் பெரும் நடிகை சாரா பெர்னார்ட், 1899இல் ஹாம்லெட் வேடம் தாங்கியது இங்கு எண்ணத்தக்கது. கலைத்திறனுக்கு ஆண் பெண் என்னும் வேலி இல்லை என்பதை இருவரும் காட்டினர்.

நாடகக்காரி என்று சமூகம் இழிவாகப் பேசிய காலம் அது. அத்தகைய காலத்தில் மேடையேறிய பெண்மணி, விடுதலை இயக்கக் கூட்டங்களில் தேசியப் பாடல்கள் பாடினார். 1951இல் சென்னை மாநில மேலவையில் உறுப்பினராக அமர்ந்தார். 1953இல் வெளிவந்த 'ஔவையார்' படத்தால் தமிழ்மூதாட்டியின் உருவாகவே மக்கள் நெஞ்சில் நிலைத்தார். 1970இல் பத்மஸ்ரீ விருது பெற்றார், 1980இல் மறைந்தார்.

மாணவர்களே! இழிவாகப் பேசப்பட்ட தொழிலையே சுந்தராம்பாள் ஏற்றார். அதனைக் குறைவறக் கற்று, ஒழுக்கத்தோடு போற்றினார். தொழிலும் உயர்ந்தது, அவரும் உயர்ந்தார். நீங்கள் ஏற்கும் பணி எதுவாயினும், இதனை நினைவிற் கொள்ளுங்கள்.